ஆகஸ்டில் அணைத்து வைத்த ஹீட்டர்

1

போன வாரம் எங்கள் வீட்டு ஹீட்டர் ஒழுக ஆரம்பித்தது. பர் துபாயில் நாங்கள் இருக்கிற கட்டடமே பழசு. குளியலறை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே படுத்துக் கிடக்கும் ஹீட்டருக்கும் கிட்டத்தட்ட அதே வயது. வாட்ச்மேன் வந்து பார்த்துவிட்டு இனி இது தேறாது என்றார். அதைச் சொல்ல எனக்கு வாட்ச்மேன் தேவையில்லை. பதினேழு வருடமாக இந்த ஊரில் நான் செய்வதே குழாய் வேலைதான். அதில் பாதி, ஹீட்டரைக் கழற்றுவதும் மாட்டுவதும்.

ஆனால் என் பேச்சு என் வீட்டில் எடுபடாது. என் மகள் தர்ஷினி பத்தாம் வகுப்பு. இங்கேயே வளர்ந்தவள். அப்பா வேலைக்குப் போகிறார் என்று தெரியும், என்ன வேலை என்று கேட்டால் ‘மெயின்டனன்ஸ்’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவாள். எத்தனை லிட்டர் ஹீட்டர் வாங்கலாம் என்று நானும் மனைவி செல்வியும் பேசிக்கொண்டிருந்தபோது, தர்ஷினி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வீட்டுக்குச் சரியான அளவு ஹீட்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று ஏதோ ஒரு வெளிநாட்டுப் பக்கம். கேள்விகளுக்குப் பதில் போட்டால் அதுவே கணக்குப் போட்டுச் சொல்லுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. சரி, கேள் என்றேன்.

“ஃபர்ஸ்ட் கொஸ்டின் பா. உங்க ஏரியால கோல்டஸ்ட் மன்த் எது?”

அவ்வளவுதான் கேட்டாள். நான் கத்திவிட்டேன். மூடு அதை என்று கத்தினேன். ஹீட்டரைப் பற்றி எனக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டாம் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். நடுவில் அடுப்படிக்குப் போயிருந்த செல்வி ஓடி வந்தாள். பிள்ளை லேப்டாப்பை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கேள்வியில் என்ன தப்பு என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஒரு தப்பும் இல்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். அதனால்தான் கத்தினேன்.

2

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அரபு நாட்டில் எதற்கய்யா ஹீட்டர் என்றுதான் கேட்பீர்கள். லீவில் வரும்போதெல்லாம் கேட்கிறீர்கள்.

இங்கே கோடையில் மொட்டைமாடித் தொட்டியில் இருக்கிற தண்ணீர் கொதித்துக் கிடக்கும். குளிர்ந்த தண்ணீருக்கான நீலக் குழாயைத் திறந்தால் கை வெந்துபோகும். அதனால் இங்கே இருக்கிற எல்லோரும் ஒரு காரியம் செய்வோம். மே மாதம் பிறந்ததும் ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிடுவோம். ஹீட்டர் கட்டடத்துக்கு உள்ளே, ஏசி ஓடுகிற பக்கத்தில் இருப்பதால், அதற்குள் நிற்கும் தண்ணீர் மெல்ல ஆறிவிடும். பிறகு குளிப்பதற்குச் சிவப்புக் குழாயைத்தான் திறப்போம். வெந்நீர்க் குழாயில் பச்சைத் தண்ணீர், பச்சைத் தண்ணீர்க் குழாயில் வெந்நீர். புதிதாக வந்தவன் முதல் நாள் தோள் சிவந்து வெளியே வருவான், எல்லோரும் சிரிப்போம். மறுநாளிலிருந்து அவனும் சிவப்புக் குழாய்க்காரன்.

ஆக, கோடையில் அணைத்து வைத்த ஹீட்டர் சும்மா கிடக்கும் ஹீட்டர் இல்லை. எங்களுக்கு அதுதான் தண்ணீர் ஆற வைக்கிற மண்பானை. டிசம்பர் வந்தால் திரும்பவும் அதுவே ஹீட்டர். ஜனவரி விடியற்காலை இந்தப் பாலைவனத்தில் நின்று பார்த்திருந்தால், ஹீட்டர் எதற்கு என்று கேட்க மாட்டீர்கள்.

இது இங்கே ஒரு வருடம் இருந்த யாருக்கும் தெரியும். எனக்கு மிக நன்றாகத் தெரியும்.

3

என் கம்பெனிக்கு ஜெபல் அலி பக்கம் தொழிலாளர்கள் தங்குகிற கேம்ப் ஒன்று இருக்கிறது. குடும்பத்தை அழைத்து வருவதற்கு முன் நானும் அங்கேதான் இருந்தேன், பி பிளாக்கில், ஏழு வருடம். பிறகு சூப்பர்வைசர் ஆனேன், வெளியே வந்தேன். இப்போது அந்த கேம்ப்பின் குழாய், தண்ணீர், கழிவறை எல்லாம் என் பொறுப்பு. பி பிளாக்கில் நாற்பத்தாறு பேர். நூறு லிட்டர் ஹீட்டர் நான்கு.

அளவு சரியா என்று கேட்டால், சரி. ஹீட்டரிலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும் நூறு லிட்டரோடு பச்சைத் தண்ணீர் கலந்தால் இருநூறு லிட்டர் ஆகும். ஒரு ஆளுக்கு ஒரு வாளி. ஒரு ஹீட்டருக்குப் பதினோரு பேர், மிஞ்சினால் பன்னிரண்டு பேர். நான்கு ஹீட்டருக்கு நாற்பத்தாறு பேர். யாரோ மனசாட்சி உள்ளவன் ஒரு காலத்தில் ஆளை எண்ணி மாட்டியிருக்கிறான்.

வருடத்துக்கு ஒருமுறை கேம்ப் சர்வே நடக்கும். எப்போது தெரியுமா, ஆகஸ்டில். கோடையில் மத்தியானம் வெளிவேலை நிறுத்தம், அப்போதுதான் எஞ்சினியர்களுக்கு நேரம் இருக்குமாம். வெந்நீர் தேவையா என்று பார்க்க, வருடத்திலேயே கொடூரமான வெயில் அடிக்கிற மாதத்தில் வருவார்கள். இந்தக் கோமாளித்தனத்தை நான் பதினேழு வருடம் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

போன வருட ஆகஸ்டில் விகாஸ் என்று ஒரு எஞ்சினியர் வந்தார். டெல்லிப் பக்கத்துப் பையன், வந்து மூன்று மாதம். நல்ல பையன்தான், பாய் பாய் என்று மரியாதையாகத்தான் பேசுவார். கையில் ஃபார்ம். ஒவ்வொரு சாமானுக்கும் நேரே ‘பயன்பாட்டில் உள்ளதா’ என்று ஒரு கேள்வி, ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். மூன்றாவது கட்டம் கிடையாது. விளக்கம் எழுத ஒரு கோடுகூடக் கிடையாது.

குளியலறை வாசலில் அப்போது சிவசாமி நின்றுகொண்டிருந்தான். பெரம்பலூர் பக்கத்துப் பையன், கோல்டு ஸ்டோரில் வேலை. உறைந்த கோழிப் பெட்டிகளை நாள் முழுக்க ஏற்றி இறக்குவான். நான் அரியலூர்க்காரன் என்பதால் அவனுக்கு என்னிடம் ஒரு ஒட்டுதல். விகாஸ் இந்தியில் கேட்டதை நான் அவனிடம் தமிழில் கேட்டேன், ஹீட்டரெல்லாம் போடுகிறீர்களா என்று.

“ஆஃப்லதாண்ணே இருக்கு எல்லாம். இந்த வெயில்ல எவன் போடுவான்?” என்றான்.

விகாஸ் நான்கு சுவிட்சையும் பார்த்தார். நான்கும் அணைந்திருந்தன. ஃபார்மை என்னிடம் நீட்டினார். சூப்பர்வைசர்தான் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறி போட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது, இன்னும் மூன்று பிளாக் பாக்கி. கேட்டது ஓடுகிறதா என்று, ஓடவில்லை. பொய் ஒன்றும் இல்லையே என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூட அதிகம். கை அது பாட்டுக்குப் போட்டது.

இரண்டு வாரத்தில் ஆர்டர் வந்தது. பி பிளாக்கில் பயன்பாட்டில் இல்லாத ஹீட்டர்கள் உபரி. ஒன்றை மட்டும் வைத்துவிட்டு மூன்றைக் கழற்றி, கம்பெனி கெஸ்ட் ஹவுஸுக்கு அனுப்பவும். என் ஆட்களைக் கூட்டிப்போய் நானே கழற்றினேன். விகாஸிடம் வாயால் சொன்னேன், குளிர்காலத்தில் கஷ்டம் வரும் என்று. அடுத்த சர்வேயில் பார்ப்போம் பாய் என்றார். எழுத்தில் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நான் எழுதும் இங்கிலீஷைப் பார்த்து ஆபீஸில் சிரிப்பார்கள் என்பது ஒரு காரணம். வம்பு எதற்கு என்பது பெரிய காரணம்.

கெஸ்ட் ஹவுஸில் ஆறு அறை. பெரும்பாலான நாட்களில் ஒருவரோ இருவரோ தங்குவார்கள்.

4

டிசம்பர் கடைசியில் குளிர் இறங்கியது. வேலைக்குக் கூட்டிப்போகிற பஸ் கேம்ப்புக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு வந்துவிடும். நான்கு மணியிலிருந்து குளியலறை முன்னால் வரிசை. முதல் பதினோரு பேருக்கு வெந்நீர். பன்னிரண்டாவது ஆளிலிருந்து தொட்டித் தண்ணீர், பல் கிட்டிக்கும். ஹீட்டர் மறுபடி சூடாக ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், அதற்குள் பஸ் போயிருக்கும். மூன்றரைக்கே வாளியை வரிசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனார்கள். வாளி நகர்ந்தது என்று இரண்டு அறைக்காரர்களுக்குள் அடிதடி. குளிக்காமலே போக ஆரம்பித்தார்கள் சிலர். ஒரு மனிதன் உழைத்துச் சம்பாதிக்க வந்த இடத்தில் ஒரு வாளி வெந்நீருக்கு அடித்துக்கொள்ள வேண்டுமா?

பிறகு ராடு வந்தது. உங்களுக்குத் தெரியும், வாளிக்குள் தொங்கவிட்டுத் தண்ணீர் சுட வைக்கிற ராடு. ஊர்ப் பாத்திரக்கடைகளில் வாசலிலேயே தொங்குமே, அது. லீவில் போய் வந்தவர்கள் பெட்டிக்குள் துணிக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தார்கள். சிவசாமியும் கொண்டுவந்தான். குளிரூட்டிய கிடங்கில் பத்து மணி நேரம் வேலை செய்கிறவனுக்குக் காலையில் விரல் மடங்காது. வெந்நீரில் கையை விட்டால்தான் மடங்கும். எனக்கு அவன் அதைக் காட்டியிருக்கிறான்.

கேம்ப்பில் ராடுக்குத் தடை. அந்தத் தடை சரியானதுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈரத் தரை, பிளாஸ்டிக் வாளி, எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் வயர். கை பட்டால் ஆள் காலி. இந்தத் தொழிலில் இருந்துகொண்டு அதைத் தப்பு என்று நான் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒரு அயோக்கிய விதியாக இருந்தால் வாய் நிறையத் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

ஜனவரி நடுவில் ஒரு நாள் விடியற்காலை திடீர் செக்கிங். பி பிளாக்கில் ஆறேழு பேரிடம் ராடு இருந்தது. அந்த நேரத்தில் வாளிக்குள் கிடந்தது சிவசாமியுடையது.

5

அவனைக் கேன்சல் பண்ணி அனுப்பப் போகிறார்கள் என்று எனக்கு மதியம் போன் வந்தது. விசா ரத்து, டிக்கெட், மூன்று நாளில் ஊர். நான் நேரே ஆபீஸுக்குப் போனேன். ஹெச்.ஆரில் இருக்கிறவர் கோபிநாத், நம் மதுரைக்காரர். அவர் யாரிடமும் தமிழில் பேச மாட்டார், என்னிடமும்தான். அன்றைக்கு நான் தமிழில் பேசினேன். அவன் செய்தது தப்பு சார், ஆனால் அவனை ராடு வாங்க வைத்தது நாங்கள் என்றேன். நாற்பத்தாறு பேருக்கு ஒரு ஹீட்டர் சார் என்றேன்.

அவர் கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். ஆகஸ்ட் ஃபார்ம். ‘இல்லை’ கட்டத்தில் என் குறி, கீழே என் கையெழுத்து.

“ஹீட்டர் யூஸ்ல இல்லன்னு நீங்கதானே சைன் பண்ணிருக்கீங்க?” என்றார். தமிழில்தான் கேட்டார், எனக்குப் புரிய வேண்டும் என்று.

நான் ஆகஸ்ட் சார், ஆகஸ்டில் யார் போடுவார்கள் என்றேன். அப்படியானால் தவறாகக் குறித்ததாக எழுதிக் கொடுங்கள், உங்களுக்கு ஒரு வார்னிங் லெட்டர் வரும் என்றார். எழுதிக் கொடுத்தால் சிவசாமி இருப்பானா என்று கேட்டேன். அது வேறு, இது வேறு, ராடு ராடுதான் என்றார்.

வேறு யாரையாவது போய்ப் பார்த்திருக்கலாம். மேனேஜர் மாடியில்தான் இருந்தார். படிக்கட்டு வரைக்கும் போனேன். என் குடும்ப விசா என் வேலையில் தொங்குகிறது, தர்ஷினிக்கு அடுத்த வருடம் பொதுத்தேர்வு. அந்தப் படிக்கட்டின் கீழே நின்றுகொண்டு இதை எல்லாம் நினைத்தேன். தவறாகக் குறித்தேன் என்று நான் எழுதிக் கொடுக்கவும் இல்லை, மாடிக்குப் போகவும் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வேறு சைட்டுக்குப் போய்விட்டேன்.

6

விமான நிலையத்துக்கு வேன் வந்தபோது நான் கேம்ப்பில் இருந்தேன். சிவசாமி ஒரு பெட்டியும் ஒரு போர்வைக் கட்டுமாக நின்றான். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவன்தான் பேசினான்.

“விடுங்கண்ணே. அன்னைக்கு ஆஃப்லதான் இருக்குன்னு நானும்தானே சொன்னேன்.”

இதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது என்னையே அறையலாம் போல இருக்கிறது.

7

இந்த வருட ஆகஸ்ட். திரும்பவும் சர்வே, திரும்பவும் விகாஸ். இந்த முறை, போன வருடம் தப்பித்த சி பிளாக்கின் நான்கு ஹீட்டர் மேல் கண். அங்கேயும் நாற்பது சொச்சம் பேர். சர்வே நாளைக்கு என்று எனக்கு முதல் நாள் மத்தியானம் தகவல் வந்தது.

சாயங்காலம் ஆட்கள் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும் நேரத்துக்கு கேம்ப்புக்குப் போனேன். பி, சி இரண்டு பிளாக் ஆட்களையும் மெஸ் வாசலில் நிறுத்தினேன். தமிழ், இந்தி இரண்டிலும் சொன்னேன். இன்றைக்கு எல்லா ஹீட்டரையும் போடுங்கள். எல்லாவற்றையும். நாளை எஞ்சினியர் போகும்வரை ஒரு சுவிட்சும் அணையக் கூடாது.

அன்றைக்கு வெயில் நாற்பத்தைந்துக்குக் குறையாது. நாள் முழுக்க அதில் நின்றுவிட்டு, சிவப்புக் குழாயில் ஒரு வாளி ஆறிய தண்ணீருக்காக ஓடி வந்தவர்கள். அந்தத் தண்ணீரையும் கொதிக்க வையுங்கள் என்று சொல்கிறேன். தண்ணீர் தொட்டியிலும் கொதிக்கும், ஹீட்டரிலும் கொதிக்கும். பிறகு சி பிளாக்கில் ஒரு வயசாளி, ராமநாதபுரத்துக்காரர், குளியலறைப் பக்கம் நடந்தார். சுவிட்ச் போடும் சத்தம் கேட்டது. மற்றவர்களும் போனார்கள்.

மறுநாள் விகாஸ் குளியலறைக்குள் நுழைந்து சிவப்புக் குழாயைத் திறந்தவர் கையை உதறிக்கொண்டு பின்னால் வந்தார். நான்கு சுவிட்சிலும் சிவப்பு விளக்கு. இந்த வெயிலிலுமா போடுகிறார்கள் பாய் என்று கேட்டார். தினமும் என்றேன். முகத்தைக்கூடத் துடைக்கவில்லை, அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் இங்கே ஒரு கோடை, ஒரு குளிர் பார்த்துவிட்டார். புரிந்திருக்கும். ஃபார்மை நீட்டினார். ‘ஆம்’ என்று குறி போட்டேன். அந்தக் காகிதத்தில் நான் போட்ட முதல் பொய் அது. உண்மையைச் சொன்னபோது மூன்று ஹீட்டரும் ஒரு ஆளும் போனார்கள். பொய்யைச் சொன்னதும் எல்லாம் சரியாக நடந்தது. பி பிளாக்கில் ஹீட்டர் போதவில்லை என்று விகாஸே தனியாக எழுதினார்.

சுவிட்சை அணைத்த பிறகும் ஹீட்டர் ஆற இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அத்தனை பேரும் வெந்த தண்ணீரில் குளித்தார்கள். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை.

8

செப்டம்பரில் புதிய ஹீட்டர் மூன்று வந்தன. நூறு லிட்டர். பி பிளாக்கில் நானே நின்று மாட்டினேன். மாட்டி முடித்ததும் படம் எடுத்துச் சிவசாமிக்கு அனுப்பினேன். அவன் இப்போது பெரம்பலூரில் ஒரு செங்கல் சூளையில் இருக்கிறான். எதற்கு அனுப்பினேன் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. சபாஷ் என்று சொல்வான் என எதிர்பார்த்திருக்கிறேன் போல.

சாயங்காலம் அவனே கூப்பிட்டான். எத்தனை லிட்டர் என்று கேட்டான். பழைய ஆட்கள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். எப்படி வந்தது என்று கேட்டபோது நான் ஆகஸ்ட் கதையைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். சிவப்புக் குழாயில் விகாஸ் கையை உதறியதைச் சொன்னபோது சிரித்தான். பிறகு கேட்டான்.

“அந்த ஃபார்ம்ல யாருண்ணே கையெழுத்து?”

“நான்தான்டா.”

சூளையில் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், வருகிறேன் என்று அவர்களிடம் சொன்னான்.

“ஆமான்னு போன வருசமே போட்டிருக்கலாம்லண்ணே,” என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். சூளை மூட்டப் போக வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டான்.

மறுநாள்தான் எங்கள் வீட்டு ஹீட்டர் ஒழுகியது. மறுநாள்தான் என் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். உங்கள் பகுதியில் மிகக் குளிரான மாதம் எது. எங்கோ இருக்கிற எவனோ ஒருவன், ஆளைப் பார்க்காமல், ஊரைப் பார்க்காமல் எழுதி வைத்த ஒரு பக்கத்துக்கு இருக்கிற அறிவு எங்கள் ஃபார்முக்கு இல்லை. பதினேழு வருடம் ஹீட்டர் மாட்டிய எனக்கு அந்த அறிவு இருந்தது, அதை எடுத்து வெளியே வைக்கத்தான் ஆண்மை இல்லை.

கத்தி ஓய்ந்து ஒரு மணி நேரம் கழித்து அவள் அறைக்குப் போனேன். கட்டிலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னேன், ஜனவரி என்று.

“தெரியும்பா. இங்க எல்லாருக்குமே தெரியும்,” என்றாள். “அப்பவே போட்டுட்டேன்.”